இலவச மாத்திரை மட்டமானதா?

கேள்வி: வயசு 28. திருப்பூர்ல பனியன் கம்பெனியில டெய்லர் வேலைங்க. குழந்தைக்கு ரெண்டு வயசு, அடுத்தது இப்போதைக்கு வேண்டாம். மெடிக்கல்ல வாங்கற கருத்தடை மாத்திரைக்கு மாசம் முந்நூறு ரூபாய்க்கு மேல ஆகுது. ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மா குடுக்கறது மட்டமானதுங்களா? இதெல்லாம் போட்டா அப்புறம் குழந்தையே நிக்காதுன்னு மாமியார் பயப்படறாங்க.

பதில்: மட்டமில்லைங்கம்மா. அரசு தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். முதல் 21-ல் ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ரடியால் 0.03 மி.கி. என இரண்டு ஹார்மோன்கள் இருக்கும். வேறு நிறத்தில் உள்ள கடைசி 7 இரும்புச்சத்து.

விலை கூடிய பலவற்றில் லெவோநார்ஜெஸ்ட்ரலுக்குப் பதில் இருப்பது டிரோஸ்பிரினோன் என்ற ஹார்மோன். முகப்பரு உள்ளவர்களுக்கு அது உதவலாம். கருத்தடைக்கு இரண்டும் ஒன்றுதான். ரத்தக்கட்டு (ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவது) என்று பார்த்தால் பழைய லெவோநார்ஜெஸ்ட்ரலே மேல். மாத்திரையே போடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டு வரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் எடுப்பவர்களில் 5 முதல் 7 பேர், டிரோஸ்பிரினோன் எடுப்பவர்களில் 9 முதல் 12 பேர். கர்ப்பத்திலும் பிரசவம் முடிந்த வாரங்களிலும் இந்த ஆபத்து இவற்றைவிட அதிகம்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத்தான் நிறுத்துகிறது. உடம்பில் தங்காது. விட்டபின் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கரு தங்கிவிடும்.

தொடங்கும் முன் பி.பி. பார்த்தே ஆக வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் இது வேண்டாம். கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, முன்பு ரத்தக்கட்டு, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் இருந்தாலும் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமசெபினோ எடுத்தால் மாத்திரையின் பலன் குறையும்.

மாதவிடாய் தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பியுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் ராத்திரி மாத்திரை மறந்துபோகும். அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே போட்டுவிடுங்கள். ஒன்று விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ விட்டால் ஒன்றை உடனே போட்டு அட்டையைத் தொடருங்கள். 7 நாள் ஆணுறை அவசியம். அப்படி விட்டது மூன்றாவது வாரத்தில் என்றால் இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டுப் புது அட்டைக்குப் போய்விடுங்கள். பலர் ஏமாறுவது அட்டை முடிந்து அடுத்ததைத் தொடங்கத் தாமதிக்கும்போதுதான். ஆகவே கையில் எப்போதும் ஓர் அட்டை கூடுதலாக இருக்கட்டும். நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.

முதல் மூன்று மாதம் குமட்டலும் இடையிடையே லேசான உதிரப்போக்கும் வரலாம், பயமில்லை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று கடும் தலைவலி, பார்வை மங்கல் வந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், மாத்திரை எடுப்பதை முதலில் சொல்லுங்கள்.

பி.பி. கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 'சாயா' (Chhaya) என்ற கருத்தடை மாத்திரையைக் கேளுங்கள். அதில் ஹார்மோன் இல்லை, அதுவும் இலவசம். முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை.