டச் பட்டன் தானாக ஆன் ஆகிறதா? கேபிளை விடுங்கள், சிப்பை நகர்த்துங்கள்

கேள்வி: இஎஸ்பி32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் நான்கு டச் பட்டன்கள் செய்திருக்கிறேன். ஒவ்வொரு செப்புத் தகட்டிலிருந்தும் போர்டுக்கு 60 செ.மீ. வயர் போகிறது. சில சமயம் தொட்டாலும் தெரிவதில்லை. எல்இடி ஸ்ட்ரிப் எரியும்போது தொடாமலே ஆன் ஆகிறது. சாமான் விற்பவர் ஷீல்டு கேபிள் (மேலே உலோக வலை சுற்றிய வயர்) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். இந்த யோசனையைக் கேட்டுக் காசைத் தொலைத்தவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

டச் பட்டன் அளப்பது தகட்டின் கெப்பாசிட்டன்ஸை, அதாவது சார்ஜைத் தேக்கும் திறனை. தகட்டின் மேலே கண்ணாடியோ அக்ரிலிக்கோ இருந்தால், உங்கள் விரல் சேர்க்கும் கெப்பாசிட்டன்ஸ் ஒரு பிகோஃபாரட் தேறினாலே பெரிது. சாதாரண 50 ஓம் ஷீல்டு கேபிளிலோ, உள்கம்பிக்கும் மேல் வலைக்கும் நடுவே மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் இருக்கும். 60 செ.மீ.க்கு 60. வலையைக் கிரவுண்டில் சேர்த்ததும் அத்தனையும் சென்சாரின் தலையில் ஏறும். அதற்குள் விரலின் அந்த ஒன்றைச் சிப் தேட வேண்டும். இரைச்சல் குறையும், கூடவே சிக்னலும் அமுங்கிப்போகும். கிரவுண்ட் வயரோடு சேர்த்து முறுக்கினாலும் இதே கதைதான்.

முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். தானாக ஆன் ஆவது நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர். மட்டமான சார்ஜரில் சர்க்யூட்டின் கிரவுண்டே பூமியை ஒப்பிட்டு ஆடிக்கொண்டிருக்கும். விரல் வைத்ததும் அந்த ஆட்டம் நேராக சென்சாருக்குள் இறங்கும். வயரை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

பவர் பேங்கிலும் தொல்லை தொடர்கிறதா? அப்படியானால் உணரும் சிப்பைத் தகட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். எம்பிஆர்121 என்ற டச் சிப் ஒன்று 12 தகடுகள் வரை பார்த்துக்கொள்ளும். தகடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிடிபி223, அது ஒற்றைத் தகட்டுக்கான சிப். தகட்டிலிருந்து சிப்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் மெல்லிய வயர் போதும். சிப்பின் சப்ளையில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். அதன் பிறகு 60 செ.மீ. தூரம் போவது வெறும் டிஜிட்டல் சிக்னல். அது இந்த இரைச்சலுக்கு எளிதில் அசையாது. எல்இடி வயர்களோடு ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஷீல்டு கேபிளே கூடாதா என்றால், ஒரே ஒரு விலக்கு உண்டு. வலையைக் கிரவுண்டில் சேர்க்காமல், சென்சாரில் ஏறி இறங்கும் அதே வோல்டேஜை வலைக்கும் கொடுப்பது. உள்ளேயும் வெளியேயும் ஒரே வோல்டேஜ் இருந்தால் நடுவில் சார்ஜ் ஓட வழியில்லை. அந்த 60 பிகோஃபாரட் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடும். இதற்கு சிப்பிலேயே ஷீல்டு அவுட்புட் வேண்டும். இஎஸ்பி32-எஸ்2, எஸ்3 வகைகளில் 14-ஆம் டச் சேனல் இந்த வேலையைச் செய்யும். உங்களிடம் இருக்கும் பழைய இஎஸ்பி32-இல் கிடையாது. புது வகை கையில் இருந்தாலும் அந்த சேனல் ஓட்டக்கூடிய சுமைக்கு வரம்பு உண்டு, நான்கு கேபிள்களின் சுமையும் அதற்குள் அடங்க வேண்டும். வலை எந்த முனையிலும் கிரவுண்டைத் தொடவே கூடாது. கேபிள் விற்பவர் இதில் ஒரு வார்த்தையாவது உங்களிடம் சொன்னாரா?

நாளை இதை பிசிபி (செப்புக் கோடுகள் அச்சிட்ட போர்டு) ஆக்கக் கொடுத்தால் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. கூலிக்கு லேஅவுட் போடுபவர்களில் பலர் பழக்கதோஷத்தில் தகட்டுக்குப் பின்னால் முழுச் செம்பாகக் கிரவுண்டை நிரப்பிவிடுவார்கள். கிரவுண்டில் சேர்த்த ஷீல்டைப் போலவே அதுவும் சென்சாரின் தலையில் சுமை ஏற்றும். வலைப்பின்னலாக, இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். போர்டு அடிக்கும் நிறுவனம் இதைப் பிடிக்காது. கோடுகள் முட்டுகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு ‘சரி’ போட்டு அனுப்பிவிடும். சிப் தயாரிப்பாளர்களோ இந்த விதிகளை டேட்டாஷீட்டில் முன்னால் வைக்காமல் தனி ஆவணத்தில் புதைத்து வைக்கிறார்கள். மாட்யூல் விற்பவர்கள் பலர் சர்க்யூட் படம்கூடத் தருவதில்லை. கடைசியில் திண்டாடுவது வாங்கியவர்தான்.

எம்பிஆர்121 போட்டால், புரோகிராமில் த்ரெஷோல்டை (தொட்டதாக எடுத்துக்கொள்ளும் எல்லை எண்ணை) மாற்றுவதற்கு முன், சிப் தரும் மூல எண்களைக் கணினியின் சீரியல் மானிட்டரில் பாருங்கள். எல்இடி எரியட்டும், கையை எடுத்துவிடுங்கள். எண் 4 அளவுக்கு ஆடுகிறது என்றால், தொடும்போது குறைந்தது 20 மாற வேண்டும். ஐந்து மடங்கு இல்லாத இடத்தில் சென்சிடிவிட்டியை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். அந்த ஐந்து மடங்கு வரவில்லை என்றால் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பசை டேப்பால் அழுத்தி ஒட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.