முதலில் வீடு வேண்டாம், வரப்பு போடுங்கள்

ஏழு குடும்பங்கள் சேர்ந்து வறண்ட மேட்டு நிலத்தில் கூட்டுக் கிராமம் அமைக்கப் போவதாகவும், முதலில் வீடுகளைக் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பல நாட்டவரும் சேர்ந்து வாழ அமைத்த ஆரோவில் நகரைப் பாருங்கள். 1968 பிப்ரவரி 28 அன்று புதுச்சேரிக்கு வடக்கே அதைத் தொடங்கியபோது, 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டார்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே 50,000 பேருக்கான நகரத்தை வரைந்திருந்தார். ஆனால் நிலமோ மழை அரித்த செம்மண் பொட்டல், நடுவில் ஓர் ஆலமரம். முதலில் வந்தவர்கள் மழைநீரை நிறுத்த மண்கரை போட்டார்கள், மரக்கன்று நட்டார்கள். இன்றைய காடு அப்படித்தான் வந்தது. ஐம்பதாயிரம் பேர் இன்னும் வரவில்லை என்பது வேறு கதை!

நிலம் யார் பெயரில் என்பதையும் இப்போதே எழுத்தில் முடித்துவிடுங்கள். அங்கே 1973இல், ஆரோவில்லை நிறுவிய அன்னை (மீரா அல்ஃபாஸா) மறைந்தபின், நிர்வாக உரிமை யாருக்கு என்று பெரிய சண்டை மூண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1988இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஏழு குடும்பத்துக்காக நாடாளுமன்றம் சட்டம் போடாது. பத்திரப் பதிவுக்கு முன் நல்ல வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.