ஸ்டூல் வாங்கிப் போட்டால் போதாது, உட்காரவும் விட வேண்டும்

கேள்வி: கும்பகோணத்தில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். 34 பேர் வேலை பார்க்கிறார்கள், 25 பேர் பெண்கள். சேர்கிற பெண்கள் ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். காது கேளாத தம்பி ஒருவரைச் சேர்த்தேன், அவரும் இரண்டு மாதம்தான் இருந்தார். யாராக இருந்தாலும் மதிப்போடு வேலை செய்கிற கடையாக இதை மாற்ற ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: ஆள் எடுப்பதில் உங்களிடம் குறை இல்லை. வந்தவர்கள் ஏன் தங்கவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதலில் ஸ்டூலைப் பாருங்கள்.

வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளம் 2018லேயே செய்துவிட்டது. இருக்கை வாங்கிப் போட்ட ஒரு கடைக்குப் போயிருந்தேன். ஸ்டூல் மேல் புடவைப் பெட்டிகள் மார்பளவுக்கு அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு அக்கா கால் மாற்றிக் கால் மாற்றி, ரேக்கில் இடுப்பைச் சாய்த்து நின்றார். கால் வீங்கி, கொலுசு சதையில் பதிந்திருந்தது. உட்காரலாமே என்றேன். "கேமராவுல பாத்துட்டு சூப்பர்வைசர் திட்டுவாருங்க" என்றார். தண்ணீரும் குடிப்பதில்லையாம், பாத்ரூம் போனால் நேரம் பார்க்கிறார்கள் என்று.

எனவே நாளைக் காலை கடை திறந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு, கஸ்டமர் இல்லாதபோது உட்காரலாம், பாத்ரூம் போக யாரிடமும் கேட்க வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். சூப்பர்வைசர் வாயால் வந்தால் நம்ப மாட்டார்கள். சொன்ன பிறகு நீங்களும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காட்டுங்கள்.

அடுத்தது சம்பளம். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1976லேயே சட்டமாகிவிட்டது. பெயரை மறைத்துவிட்டு, எந்த கவுன்டர், எத்தனை வருட அனுபவம், என்ன சம்பளம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேட்டி கவுன்டருக்கும் சுடிதார் கவுன்டருக்கும் வித்தியாசம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கல்யாணம், பிரசவம் என்று நின்றுவிடுகிறார்கள் என்பீர்கள். 10 பேருக்கு மேல் உள்ள உங்கள் கடையில் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீட்டை ஒழுங்காகக் கட்டி வந்தால், தகுதியுள்ளவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.யே தந்துவிடும், உங்கள் கையைக் கடிக்காது. இதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிட்டால், திரும்பி வரலாம் என்ற தைரியம் அவர்களுக்கு வரும்.

பாலியல் தொல்லை பற்றிய உள்ளகப் புகார்க் குழுவும் 2013 சட்டப்படி கட்டாயம். கடையில் மூத்த பொறுப்பில் இருக்கும் பெண் தலைவராக வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். உங்கள் வீட்டம்மாவைத் தலைவராகப் போடுவது சரிவராது. முதலாளி குடும்பத்தைப் பற்றிய புகாரை யார் அவரிடம் கொண்டுபோவார்கள்? குழுவினர் பெயர்களைத் தமிழில் அச்சடித்துப் பெண்கள் சாப்பிடும் இடத்தில் ஒட்டுங்கள். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம், ஆனால் அதற்காக மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம் அந்தத் தம்பி. ஜவுளிக்கடையில் எல்லாமே சத்தம்தானே. பில் கவுன்டரில் கூப்பிடுவது, மேல்மாடியிலிருந்து "நாற்பது சைஸ் எடு" என்று கத்துவது, காலையில் சொல்லும் ஆஃபர் விவரம். ஒன்றுகூட அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. எடுக்க வேண்டிய சரக்கைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், காலைச் செய்தியை எல்லாருக்குமே வாட்ஸப்பில் தமிழில் போடலாம். கூட நிற்கிற இரண்டு பேர் அவரிடமே பத்து சைகை கற்றுக்கொண்டால் பாதி சிரமம் தீர்ந்தது. அவர் நம்பர் இன்னும் உங்களிடம் இருந்தால், எது கஷ்டமாக இருந்தது என்று இன்றிரவே ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கள்.