ஃப்ரீஸ் டிரையருக்கு முன்னால் தரைச் சரிவைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் பழைய உணவு பதப்படுத்தும் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து பயன்படுத்திக்கொள்ளும்படி அதை மேம்படுத்த நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். பொறுப்பு என் தலையில். நான் தோட்டக்கலை படித்தவன், இயந்திரம் பற்றி அதிகம் தெரியாது. ஆலோசகர் ஒருவர், பொருளை உறையவைத்து உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையர்தான் முதலில் வாங்க வேண்டியது என்கிறார். திட்ட அறிக்கை, டெண்டர் விவரக்குறிப்பு, இயந்திரத்தை நிறுவுவது எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். அறிக்கைக்குக் கட்டணம்கூட வேண்டாமாம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஃப்ரீஸ் டிரையரும் வேண்டாம், அந்த ஆலோசகரும் வேண்டாம். முதலில் அவரைப் பார்த்துவிடுவோம்.

அறிக்கையை இலவசமாக எழுதித் தருகிறவருக்குக் கூலி இயந்திரத்தில் இருக்கிறது. அவர் தரும் விவரக்குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். தகட்டின் கனம், கதவின் அகலம், தட்டுகளின் எண்ணிக்கை வரை ஏதோ ஒரே கம்பெனியின் கேட்லாக்கில் இருக்கும் எண்கள் அப்படியே இருக்கும். டெண்டருக்கு மூன்று கொட்டேஷன் வரும். நான் ஒரு தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தபோது அப்படி வந்த மூன்றிலும் ஒரே வார்த்தையில் ஒரே எழுத்துப்பிழை இருந்தது. சுட்டிக்காட்டினேன். அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை.

அவரைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எந்த விளைபொருள், எத்தனை கிலோ, எவ்வளவு ஈரத்திலிருந்து எவ்வளவு ஈரத்துக்கு, எத்தனை மணி நேரத்தில் என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனி பெயரோ தகட்டுக் கனமோ கூடாது. ஆள் திரும்ப வருகிறாரா பாருங்கள்.

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், ‘100 கிலோ கொள்ளளவு’ என்ற ஒரு வரியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ தக்காளியில் சுமார் 94 கிலோ தண்ணீர். நன்றாகக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது ஏழு கிலோவுக்குள். ஆக, 93 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.67 யூனிட் என்று வைத்தால் 62 யூனிட் மின்சாரம் ஆகிறது. இது ஒரு துளி வெப்பம்கூட வீணாகாத கணக்கு. நிஜத்தில் பாதி வெப்பம் வெளியேறும் காற்றோடு போய்விடும், அதனால் 120 யூனிட் என்று வையுங்கள். இப்போது கேட்லாக்கைப் பாருங்கள்: 100 கிலோ, 8 மணி நேரம், 6 கிலோவாட் ஹீட்டர். எட்டு மணி நேரமும் முழு வேகத்தில் ஓடினாலும் 48 யூனிட்தான். 62-க்கே போதவில்லை. தட்டில் 100 கிலோவைப் பரப்ப இடம் இருக்கிறது, அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். விற்பவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லவில்லை.

ஃப்ரீஸ் டிரையர் விஷயத்துக்கு வருகிறேன். பொருளை உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேராக ஆவியாக்கும் இயந்திரம் அது. நிறமும் மணமும் அப்படியே நிற்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு ஈடு முடிய ஒரு நாளைக்கு மேல் ஆகும். குளிர்விக்கவும் வெற்றிடம் உண்டாக்கவும் மின்சாரம் தொடர்ந்து வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் அந்த ஈடு போச்சு. அறுவடை நேரத்தில் வண்டி வண்டியாக வந்து நிற்கும் விளைச்சலுக்கு இது என்ன பதில் சொல்லும்? நல்ல காற்றோட்டமுள்ள தட்டு உலர்த்தி, கழுவும் தொட்டி, வெட்டும் இயந்திரம், அரவை, சல்லடை, காற்றுப் புகாமல் ஒட்டும் பொதி இயந்திரம் இருந்தால் பெரும்பாலான தேவை முடிந்துவிடும். எல்லாம் பக்கத்து ஊர் மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடியதாக இருக்கட்டும்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. அதில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். காளான், பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம் மாதிரி புளிப்பில்லாத பொருள்களை டப்பாவிலோ பையிலோ காற்றுப் புகாமல் அடைத்து, குளிர்பெட்டி இல்லாமல் வெளியிலேயே வைத்து விற்கக் கேட்டுச் சிலர் வருவார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 4.6-க்கு மேல் போனால், காற்றில்லாத அந்த டப்பாவுக்குள் போட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாக்கலாம். அதன் வித்து கொதிநீருக்குச் சாகாது. பொருளின் உள்ளே, கடைசியாகச் சூடேறும் அந்த நடுப்புள்ளியில், 121 டிகிரி செல்சியஸ் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அதற்கு ரிட்டார்ட் எனும் அழுத்தக்கலன் தேவை. கலனுக்குள் காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி சரியான அழுத்தத்தைக் காட்டும், வெப்பநிலை மட்டும் குறைவாக இருக்கும். அழுத்தத்தை நம்பி இறக்கினால் ஆபத்து. வெப்பநிலையைத் தானே பதிவுசெய்யும் கருவியும், அதைப் படிக்கத் தெரிந்த, பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. உள்ளூர்ப் பட்டறையில் செய்த கலன் இதற்கு உதவாது. தக்காளிகூட ரகத்தையும் பழுத்திருக்கும் அளவையும் பொறுத்து 4.6-க்கு இந்தப் பக்கமும் நிற்கும், அந்தப் பக்கமும் நிற்கும், அதனால் அடைக்கும் முன் ஒவ்வொரு ஈட்டையும் பி.எச். மீட்டரில் பாருங்கள். ஆள் இல்லையா? புளிப்பில்லாத பொருளை அடைத்துத் தர மாட்டோம் என்று வாசலிலேயே எழுதிப் போடுங்கள்.

நிதியில் முதல் செலவு கட்டடத்துக்கு. மும்முனை மின்சாரம் இருக்கிறதா? இயந்திரம் வாசல் வழியாக உள்ளே போகுமா? ஒரு நிறுவனத்தில் சுவரை இடித்து உள்ளே ஏற்றியதை நேரில் பார்த்தேன். ஏற்றிய பிறகுதான் அறைக்கு ஒருமுனை இணைப்பு மட்டும் என்று தெரிந்தது. இரண்டு வருடம் கழித்துப் போனபோதும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது, ஒயரை எலி கடித்திருந்தது. தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நேராக வடிகாலுக்கு ஓடினால் சரி. நடுவில் குளம் கட்டினால் முதல் ரூபாயைத் தரைக்குக் கொடுங்கள்.

அப்புறம், ஈரப்பத மீட்டர். சின்னக் கருவி, யாரும் ரிப்பன் வெட்டித் திறந்துவைக்க மாட்டார்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் பூஞ்சை நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தது அதற்குத்தான். சரியாகக் காயாத கடலையிலும் சோளத்திலும் அது வரும், சமைத்தாலும் முழுதாகப் போகாது. விவசாயி மூட்டையோடு வந்து, அளந்து, “இன்னும் ஒரு நாள் காயவையுங்கள்” என்று கேட்டுக்கொண்டு போனாலே உங்கள் கூடம் தன் வேலையைச் செய்துவிட்டது.

இதெல்லாம் சொல்லியும், ஓட்ட ஆள் இல்லாவிட்டால் வீண். இயந்திரம் வாங்க ஒரு கணக்கிலிருந்து பணம் வரும். ஆபரேட்டர் சம்பளத்துக்கு இன்னொரு கணக்கு, அது வராது. நிதியாண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது “உடனே செலவழியுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் போய்விடும்” என்று கடிதம் வரும். அப்போதுதான் உங்கள் ஆலோசகர் தயாராக ஃபைலோடு வருவார். இப்படித்தான் ஃப்ரீஸ் டிரையர்கள் வாங்கப்படுகின்றன. ஆபரேட்டர் பணியிடத்தை எழுத்தில் வாங்கும் வரை கொள்முதல் ஃபைலில் கையெழுத்துப் போடாதீர்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

வாங்கும்போது ஒரு நிபந்தனை: கடைசித் தவணை, விவசாயிகளே கொண்டுவந்த விளைச்சலில் மூன்று ஈடு ஓட்டிக் காட்டிய பிறகுதான். ஈடு ஓடும்போது விற்பனையாளர் பக்கத்தில் நிற்கலாம், சுவிட்சை உங்கள் ஆபரேட்டர் போடட்டும். உள்ளே போகும் எடை, வெளியே வரும் எடை, மின்மீட்டர் எண் மூன்றையும் நீங்களே ஒரு நோட்டில் குறியுங்கள்.