நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் முதல் மராத்தான்: எங்கே தேடுவது, எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஜெர்மனியின் டோர்ட்முண்டில் படிக்கிறேன். இரண்டு அரை மராத்தான் ஓடியாகிவிட்டது. சிறந்த நேரம் 2 மணி 14 நிமிடம். ஓராண்டுக்குள் முழு மராத்தான் ஓட ஆசை. கார் கிடையாது, டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துகளில் செல்லும் மாதச் சீட்டு) இருக்கிறது. இணையத்தில் தேடினால் கொலோன், டூசல்டார்ஃப் என்ற இரண்டு பெயர்களே வருகின்றன. இந்த மாநிலத்தில் வேறு மராத்தான்கள் இல்லையா? எனக்கு எது பொருந்தும்?

பதில்: ஜனவரியில் கேவலாரில் தொடங்கி டிசம்பரில் ஸீபன்கெபிர்கே மலைக்காட்டில் முடிகிற அளவுக்கு ஆண்டு முழுக்க ஓட்டங்கள் இருக்கின்றன. அவை உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், பல ஓட்டங்களை விளம்பரச் செலவே செய்யாத ஊர் விளையாட்டுக் கழகங்கள் நடத்துவதுதான். நாட்காட்டிகளில் அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நாட்காட்டி தருவது பெயரும் தேதியும் மட்டுமே. ஓடலாமா வேண்டாமா என்பதை வேறு இரண்டு இடங்களில்தான் முடிவு செய்ய வேண்டும்: ஓட்டத்தின் விதிமுறை அறிவிப்பு (ஜெர்மனியில் 'அவுஸ்ஷ்ரைபுங்' என்பார்கள்), சென்ற ஆண்டின் முடிவுப் பட்டியல்.

தேடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஓட்டக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரப்படி அரை மராத்தான் நேரத்தை 2.085-ஆல் பெருக்கினால் முழு மராத்தான் நேரம் வரும். உங்களுக்கு அது 4 மணி 39 நிமிடம். முதல் முறை ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இதை எட்டுவதில்லை. 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தசையில் எரிபொருளாகச் சேமித்த சர்க்கரை (கிளைகோஜன்) வற்றிப்போய் நடக்க நேரிடும். ஆகவே 4:50 முதல் 5:00 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் கால வரம்பு குறுக்கே வருகிறது. 5 மணி நேர வரம்பு என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடி, 6 மணி நேரம் என்றால் 8 நிமிடம் 32 நொடி. முதல் வரம்புள்ள ஓட்டத்தில் நீங்கள் கடைசி வரை கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஐந்தரை மணி நேரத்துக்குக் குறைவான வரம்புள்ள எதையும் இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். வரம்பை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதையும் பாருங்கள். முதல் துப்பாக்கி வெடியிலிருந்து எண்ணினால், கடைசி அணியில் புறப்படுகிற உங்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும்.

எங்கே தேடுவது

முதலில் ஜெர்மன் தடகளச் சங்கத்தோடு இணைந்து இயங்கும் 'லவ்ஃபன் டாட் டிஇ' தளத்தின் ஓட்ட நாட்காட்டி. அஞ்சல் குறியீடும் தூரமும் கொடுத்து வடிகட்டலாம். அடுத்து மாநிலச் சங்கங்களின் நாட்காட்டிகள். பலர் சறுக்குவது இங்கேதான். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் ஒரே மாநிலமானாலும் தடகளத்தில் அது இரண்டு சங்கங்களாகப் பிரிந்திருக்கிறது. கொலோன், பான், ஆகன், டூசல்டார்ஃப், டூயிஸ்பர்க், எஸ்ஸன் ஆகியவை நோர்ட்ரைன் சங்கத்தின் கீழ் வருகின்றன. டோர்ட்முண்ட், போகும், மூன்ஸ்டர், பீலஃபெல்ட் ஆகியவை வெஸ்ட்ஃபாலன் சங்கத்தின் கீழ். உங்கள் ஊர்ச் சங்கத்தின் பட்டியலை மட்டும் பார்த்தால் ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள எஸ்ஸன் ஓட்டமே தெரியாமல் போகும்.

சங்கத்தில் பதிவு செய்யாத ஓட்டங்களும் உண்டு. அவற்றுக்கு 'மராத்தான்ஃபோர்யூ' தளத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். பல ஓட்டங்களுக்குப் படங்களோடு விரிவான அனுபவக் கட்டுரைகளும் அங்கே கிடைக்கும். பாதை தார்ச் சாலையா, காட்டுச் சரளையா என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நூறு மராத்தானுக்கு மேல் ஓடியவர்களின் சங்கமான '100 மராத்தான் கிளப்', ஜெர்மன் அல்ட்ரா மராத்தான் (மராத்தானைவிட நீண்ட ஓட்டம்) சங்கம் ஆகியவற்றின் நாட்காட்டிகளில் மற்ற எங்கும் வராத சிறு ஓட்டங்கள் அகப்படும். நேரம் கணக்கிடும் நிறுவனங்களான மிக்கா டைமிங், ரேஸ் ரிசல்ட் ஆகியவற்றின் தளங்களையும் பாருங்கள். பதிவு தொடங்கிவிட்ட ஓட்டங்கள்தாம் அங்கே வரும் என்பதால் தேதி நம்பகமானது.

இணையத்துக்கு வெளியே ஓர் இடம் இருக்கிறது. ஏதாவது ஒரு ஊர் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போங்கள். பிப் எண் (மார்பில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்) கொடுக்கும் பள்ளிக்கூட ஹாலில் ஒரு மேசை நிறையத் துண்டறிக்கைகள் கிடக்கும். சுற்றுவட்டாரத்தில் அடுத்த ஆறு மாதத்தில் நடக்கப்போகும் ஓட்டங்களில் பெரும்பகுதி அந்த மேசையிலேயே இருக்கும். ஜெர்மனியில் ஊர் மக்கள் ஓட்டம் என்ற வழக்கம் 1963-இல் பவேரியாவின் போபிங்கனில் தொடங்கியது. இன்றும் அது இணையத்தைவிடக் காகிதத்தையே அதிகம் நம்புகிறது.

பட்டியலில் களை எடுப்பது

ஒரு நிகழ்ச்சியின் பெயரில் மராத்தான் என்று இருந்தாலே அங்கே 42.195 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சில ஊர்களில் முழு தூரத்தைக் கைவிட்டு அரை மராத்தானையும் தொடரோட்டத்தையும் மட்டும் நடத்துகிறார்கள், பழைய பெயரை விடவில்லை. மலை சைக்கிள் மராத்தான், நடை மராத்தான் என்பவையும் தேடலில் கலந்து வரும். தூரத்தை எண்ணாக வடிகட்டுங்கள், பெயரை வைத்துத் தேடாதீர்கள்.

அடுத்த சிக்கல் செத்துப்போன ஓட்டங்கள். 2020, 2021 கொரோனா ஆண்டுகளில் நின்றுபோன பல ஓட்டங்கள் திரும்ப வரவேயில்லை, தளங்கள் மட்டும் இன்னும் திறக்கின்றன. வரும் ஆண்டின் தேதியும் திறந்த பதிவுப் படிவமும் இல்லாத தளத்தை நம்பி ரயிலோ விடுதியோ பதிவு செய்யாதீர்கள். அழைப்பின் பேரில் மட்டும் நடக்கும் ஓட்டங்களும் சில நாட்காட்டிகளில் இடம்பெறும். அவற்றில் இருபது முப்பது பேர்தான் ஓடுவார்கள், முதல் மராத்தானுக்கு அது இடமில்லை.

முடிவுப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சென்ற ஆண்டுப் பட்டியலைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். மொத்தம் எத்தனை பேர் முடித்தார்கள்? கடைசியாக வந்தவரின் நேரம் என்ன? 4:45-க்கும் 5:00-க்கும் இடையில் எத்தனை பேர்? முடித்தவர்கள் 120 பேர், அந்தப் பதினைந்து நிமிடத்தில் வந்தவர்கள் நான்கே பேர் என்றால், இரண்டாம் பாதி முழுவதும் நீங்கள் தனியாகத்தான் ஓடுவீர்கள். நீர் நிலையங்களில் பொருள்களை மூட்டை கட்டத் தொடங்கியிருப்பார்கள். தனிமையில் ஓடிப் பழகியவருக்கு அது பொருட்டே இல்லை. புதியவரை 33-ஆவது கிலோமீட்டரில் ஓட்டத்தைக் கைவிட வைப்பதும் பெரும்பாலும் இந்தத் தனிமைதான். அறிவிப்பில் 6 மணி நேரம் என்று போட்டிருந்தும் பட்டியல் 5:10-இலேயே முடிந்துவிட்டால், அங்கே மெதுவாக ஓடுகிறவர்கள் வருவதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

மாநிலத்தின் ஓட்ட ஆண்டு

தேதிகள் பெரும்பாலும் 'இந்த மாதத்தின் இத்தனையாவது ஞாயிறு' என்ற கணக்கில் வருவதால் ஓராண்டு முன்னதாகவே ஊகித்துவிடலாம். ஏப்ரல் ஓட்டங்கள் மட்டும் ஈஸ்டரை ஒட்டி முன்பின் நகரும்.

ஜனவரியில் கேவலார், சிறு வட்டங்களைப் பல முறை சுற்றும் சின்ன ஓட்டம். மார்ச்சில் கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட் மராத்தான், காட்டுப் பாதை. கொலோனிலிருந்து 1-ஆம் எண் டிராமில் பென்ஸ்பெர்க் வரை போய்விடலாம். ஏப்ரலில் பானும், மாதக் கடைசியில் டூசல்டார்ஃபும். மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் டூயிஸ்பர்க்கின் ரைன்-ரூர் மராத்தான், 1981 முதல் நடப்பது. கால்பந்து அரங்கத்துக்குள் ஓடி முடிப்பது பெரிய அனுபவம்தான், ஆனால் அந்தப் பருவத்தில் வெப்பம் 25 பாகையைத் தாண்டக்கூடும். ஐந்து மணி நேரம் வெளியில் இருக்கப்போகிற ஒருவருக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஆகஸ்டில் ஐஃபல் மலைப்பகுதியின் மோன்ஷாவ். அழகான பாதை, கடுமையான ஏற்ற இறக்கம், ஊருக்கு ரயிலும் இல்லை. இரண்டாவது மராத்தானுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு மூன்ஸ்டர். அக்டோபர் முதல் ஞாயிறு கொலோன், 1997 முதல். அதையடுத்து எஸ்ஸனில் பால்டனை ஏரியைச் சுற்றும் மராத்தான். 1963-இல் தொடங்கிய அது ஜெர்மனியின் பழைய மராத்தான்களில் ஒன்று, பெரும்பாலும் சமதளம். அக்டோபர் கடைசி ஞாயிறு ரெம்ஷைட்டின் ரோண்ட்கன் ஓட்டம், மேடுபள்ளம் நிறைந்தது. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரோண்ட்கன் பிறந்த லென்னெப் அங்கேதான் இருக்கிறது. டிசம்பரில் பாட் ஹோன்னெஃப் அருகே ஸீபன்கெபிர்கே மராத்தான், குளிரும் சேறுமாக. ஹெர்டன் நகரின் பெர்ட்லிஷ் பகுதியில் ஆண்டுக்குப் பல முறை நடக்கும் சாலை ஓட்டங்களையும் கவனியுங்கள். கட்டணம் குறைவு, அலங்காரம் கிடையாது. எல்லை தாண்டிய ஓட்டம் ஒன்றும் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது: ஏப்ரலில் நடக்கும் நெதர்லாந்தின் என்ஸ்கடே மராத்தான், 1947-இல் தொடங்கியது. டோர்ட்முண்டிலிருந்து ஆர்பி 51 ரயில் என்ஸ்கடே வரை போகிறது.

இந்த மண்ணைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பெண்கள் மராத்தான் ஓடக் கூடாது என்று அதிகாரபூர்வ விதிகள் இருந்த காலத்தில், டச்சு எல்லை அருகே வால்ட்னீல் என்ற ஊரில் மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபான் ஆகன் பெண்களை ஓட வைத்தார். 1967-இல் அங்கே ஆன்னி பேடே-எர்ட்காம்ப் 3:07:26 நேரத்தில் ஓடி அன்றைய உலகின் சிறந்த நேரத்தைப் பதித்தார். 1973-இல் பெண்களுக்கு மட்டுமான முழு மராத்தானே அந்த ஊரில் நடந்தது. இந்த மாநிலத்தில் மராத்தான் ஓடுகிற எவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

உங்களுக்கு எது

மூன்ஸ்டர் அல்லது கொலோன். மூன்ஸ்டருக்கு ஆர்பி 50 ரயில் நேராகப் போகிறது. அரண்மனைச் சதுக்கத்தில் தொடங்கி, நகரைச் சுற்றிவிட்டு, நீன்பெர்கே, ரோக்ஸல் போன்ற புறநகர் ஊர்கள் வழியாகத் திரும்பி பிரின்ஸிபால்மார்க்ட்டில் முடியும். வயல்வெளிச் சாலைகளில் நிழலும் கூட்டமும் குறையும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். கொலோனில் டாய்ட்ஸ் நிலையத்தை ஒட்டித் தொடக்கம், பேராலயத்தின் அருகே முடிவு, வழியெல்லாம் கூட்டம். தனிமைக்கு அஞ்சுகிறவர் கொலோனைத் தேர்ந்தெடுக்கலாம். அக்டோபர் தொடக்க ஓட்டத்துக்குப் பதினாறு வாரப் பயிற்சி ஜூன் நடுவில் தொடங்கும், நீண்ட ஓட்டங்கள் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். ஏப்ரல் கடைசி ஓட்டம் என்றால் ஜனவரி முதல் வாரத்தில், பனிக்கட்டியிலும் இருட்டிலும் தொடங்க வேண்டும்.

பதிவில் கவனிக்க வேண்டியவை

பெரிய நகர ஓட்டங்களில் கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் படியில் பதிவது பணத்துக்கு நல்லது. ஆனால் தேதி குறித்த நிகழ்ச்சி என்பதால், இணையத்தில் வாங்கும் பொருளுக்கு உள்ள 14 நாள் திரும்பப் பெறும் உரிமை இதற்குக் கிடையாது. பதிவின்போதே காப்பீடு விற்பார்கள். மருத்துவச் சான்று காட்டினால்தான் அது பணம் தரும். சின்ன ஓட்டங்களில் அன்று காலையிலும் பதியலாம், கூடுதலாகச் சில யூரோ கேட்பார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கும் முறையில் கட்டினால் கணக்கில் பணம் இருக்கட்டும். திரும்பி வந்தால் வங்கிச் செலவும் உங்கள் தலையில் விழும், பதிவும் ரத்தாகலாம்.

இத்தாலி போல இங்கே மருத்துவரின் சான்றிதழை வழக்கமாகக் கேட்பதில்லை. உடல்நலத்தோடு இருக்கிறேன் என்று நீங்களே உறுதி தருகிறீர்கள், ஆகவே பரிசோதனையும் உங்கள் பொறுப்பு. ஓட முடியாமல் போனால் பிப் எண்ணைச் சும்மா நண்பரிடம் கொடுக்காதீர்கள், அமைப்பாளரிடம் பெயர் மாற்றக் கட்டணம் கட்டி மாற்றுங்கள். மயங்கி விழுபவரின் விவரத்தை எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். பிப்பின் பின்புறம் ஒட்டியிருக்கும், நேரம் பதியும் சிப்பை மடக்கவோ அதன் மேல் ஜாக்கெட்டை மூடவோ கூடாது. ஆண்டெனா உடைந்தாலோ ஈரத் துணி மறைத்தாலோ அலை எட்டாது, நேரம் பதிவாகாது.

பெரிய ஓட்டங்கள் பலவற்றில் பிப் எண்ணை முந்தைய நாளே நேரில் வாங்கிவிட வேண்டும். ரயிலில் ஞாயிறன்று வருகிறவர்களுக்கு இது இரட்டைப் பயணம். ஞாயிறு காலை ரயில்கள் குறைவு, தண்டவாளப் பணிகளும் வார இறுதிகளில்தான் நடக்கும். வியாழக்கிழமை ரயில் செயலியில் நேரத்தைச் சரிபார்த்து, தொடக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேரும் ரயிலைப் பிடியுங்கள். அது ரத்தானால் அடுத்ததாவது எட்டும். மார்ச் கடைசி ஞாயிறன்று ஓட்டம் இருந்தால் அன்று விடியற்காலை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.