வெள்ளி நைத்திரேற்றும் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: மகள் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதினவள். பொறியியலுக்கு இசட் புள்ளி கொஞ்சம் போதாமல் போய்விட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. கனடாவில் இருக்கிற என் தமையனார், "இனி எல்லாம் நனோதான். இணையவழியில் ஆறு மாத நனோ டிப்ளோமா ஒன்று இருக்கிறது, இரண்டரை இலட்சம், நான் கட்டுகிறேன்" என்று நிற்கிறார். ஆனால் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் நனோவில் ஆய்வு செய்து பட்டமும் எடுத்துவிட்டு, இரண்டு வருசமாக ரியூசன்தான் கொடுக்கிறான். கம்பஸை விட்டுவிட்டு டிப்ளோமாவுக்கு விடுவதா? நனோ படித்தால் உண்மையிலேயே வேலை இருக்கிறதா?
— ஒரு தாய், கரவெட்டி

பதில்: சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பஸை விடவேண்டாம். பதிவுத் திகதியைத் தவறவிட்டால் அந்த இடம் போனதுதான். டிப்ளோமா எங்கும் ஓடிவிடாது.

இனி வேலைக்கு வருவோம். நனோ என்பது மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கின் அளவு. அவ்வளவு சிறிய துணிக்கைகளைச் செய்து பயன்படுத்துவதுதான் நனோ தொழினுட்பம். 'நனோ வேலை' என்று பெயர் எழுதிய கதிரை எங்கேயும் பெரிதாக இல்லை. இறப்பர் கையுறை செய்கிற இடத்தில், துணிக்குச் சாயமேற்றுகிற இடத்தில், பெயின்ற், உரம், மருந்து செய்கிற இடங்களில் அது ஒளிந்திருக்கிறது. அவர்கள் விளம்பரத்தில் கேட்பது இரசாயனம் தெரிந்தவரை, அளக்கத் தெரிந்தவரை, இயந்திரத்தைப் பழுதில்லாமல் வைத்திருக்கத் தெரிந்தவரை. நனோ என்ற சொல்லை மட்டும் வைத்து வேலை தேடுகிற பிள்ளை அந்த விளம்பரங்களைப் பார்க்காமலே கடந்துவிடும்.

உரத்தையே எடுங்கள். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, பிறகு இந்தியாவிலிருந்து போத்தலில் திரவ நனோ உரம் இறக்கினார்களே, அப்போதுதான் எங்கள் தோட்டக்காரர் பலரின் வாயில் இந்தச் சொல் ஏறியது. அதற்கு முன்பே கொழும்புக்குக் கிட்ட ஹோமாகமவில் உள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் (2008 இல் அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது) யூரியாவை ஐதரொட்சி அப்பதைற்று என்ற பொருளின் நுண்துணிக்கைகளோடு பிணைத்து, மெதுமெதுவாகக் கரையும் உரம் ஒன்றில் வேலை செய்தது. எங்கள் பல்லிலும் எலும்பிலும் இருக்கிற அதே கனியம்தான். அப்படியொரு உரத்துக்கு எத்தனை பேரின் கை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். துணிக்கையைச் செய்ய ஒருவர், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதன் அளவைப் பார்க்க ஒருவர், வயலில் போட்டுப் பார்க்க ஒரு விவசாய விஞ்ஞானி, தொன் கணக்கில் செய்யும்போது கலவை பிசகாமல் பார்க்க ஒரு பொறியியலாளர், எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதிவைக்க இன்னும் சிலர். இதில் எந்தக் கதிரைக்கு மகளுக்கு ஆசை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

ஊர்ப் பெடியனின் கதைக்கு ஒரு காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. அவனைத் தெரியாது, ஆனால் அவனைப் போல ஒருவனைத் தெரியும்.

நான் ஆய்வுகூடத்தில் நின்ற காலம். வேப்பிலைச் சாற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலோடு கலந்து வெள்ளி நனோ துணிக்கை செய்கிற செயன்முறை. சரியாக வந்தால் இளமஞ்சளாக இருக்கிற கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளேன்ரீ நிறத்துக்கு வரும். பார்க்க ஆசையாக இருக்கும். வகுப்பிலே கெட்டிக்காரப் பெடியன் ஒருவனுக்கு மட்டும், சாறு விட முதலே குடுவை பால் கலந்தது போல வெளுத்துவிட்டது. மருந்து பழுது என்றான். இல்லை. குடுவையைக் குழாயைத் திறந்து கழுவிவிட்டு ஈரத்தோடு எடுத்திருந்தான். குழாயில் வந்தது கிணற்றுத் தண்ணீர். எங்கள் கிணறுகளின் உவர் உங்களுக்குத் தெரியும். அந்தக் குளோரைட்டு வெள்ளியைப் பிடித்து வெண்ணிற வீழ்படிவாக இறக்கிவிட்டது.

இந்தத் தாக்கத்தை உயர்தரப் பரீட்சையில் கேட்டால் அவன் சமன்பாட்டோடு எழுதி முழுப் புள்ளியும் எடுப்பான். எடுத்தும் இருந்தான். ஆனால் தாளில் இருந்த குளோரைட்டும் குழாயில் வந்த குளோரைட்டும் ஒன்றுதான் என்று அன்றைக்கு அவனுக்குப் படவில்லை. அடுத்த நாள் குறிப்புப் புத்தகத்தில், "குடுவை கழுவியது காய்ச்சி வடித்த நீரில்" என்று முதல் வரியாக எழுதியிருந்தான். வேலைக்கு ஆள் எடுப்பவன் தேடுவது அந்த வரியை.

அப்புறம், இலைச்சாற்றில் வெள்ளித் துணிக்கை செய்த கதையை இப்போது பாதிப் பட்டதாரிகள் சொல்வார்கள். வேறு மரத்து இலையில் நிறம் ஏன் மாறியது, துணிக்கையின் பருமனை எதைக்கொண்டு அளந்தாய், பத்துத் தரம் செய்தால் பத்துத் தரமும் ஒரே பருமனா என்று நேர்முகத்தில் கேட்டால் அநேகர் தடுமாறுவார்கள்.

இது எங்கள் ஊரின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1998 இலேயே இதற்கென்று ஒரு நிலையம் தொடங்கியது. சிறிய ஈராண்டுக் கல்லூரிகளால் தூசி வடிகட்டிய அறையும் கோடிக்கணக்கான விலையில் கருவிகளும் வாங்க முடியாது. அதனால் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளை ஒரு தவணை முழுக்கத் தங்கள் ஆய்வுகூடத்துக்கு எடுத்து, ஆறு பாடங்களைக் கருவிகளோடு சேர்த்தே படிப்பித்தார்கள். தொழில் தரநிலைகள் வகுக்கும் ஏ.எஸ்.ரி.எம். அமைப்பும், நனோ தொழிலுக்கு வருபவருக்கு என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. பாதுகாப்பு, அளவிடுதல், வெற்றிடப் பம்பிகளும் சுத்த அறையும், பொருளைச் செய்யும் முறை, அதில் கோலம் பதிக்கும் முறை, அளவு சிறுக்கும்போது குணம் மாறுவது. இதில் பாதுகாப்பை நான் அடிக்கோடிடுவேன். மூச்சோடு உள்ளே போகக்கூடிய தூளோடு வேலை செய்கிற பிள்ளைக்கு முகமூடி எப்போது போதும், எப்போது போதாது என்று தெரியவேண்டும்.

அந்த டிப்ளோமாக்காரரிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை மணித்தியாலம் எந்தக் கருவியில் என் கை படும்? அந்தக் கருவி எங்கே இருக்கிறது? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? முதல் கேள்விக்கே "எல்லாம் காணொளியில்" என்றால் பணத்தை மடியிலேயே வைத்திருங்கள். காணொளிதான் வேண்டுமென்றால் பர்டியூ பல்கலைக்கழகத்தின் நனோஹப் தளத்தில் விரிவுரைகளும் கணினிப் பாவனையாக்கங்களும் காசில்லாமல் கிடக்கின்றன. விடுமுறையில் பார்க்கட்டும்.

கம்பஸில் அவள் செய்ய வேண்டியது வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலியிலேயே பௌதிகவியல் துறையினர் நனோ அளவிலான தைத்தானியம் ஈரொட்சைட்டை வைத்துச் சூரியக்கலங்களில் நெடுங்காலமாக ஆய்வு செய்கிறார்கள். அந்தத் தைத்தானியம் இருக்கிற இல்மனைட்டு மணல் புல்மோட்டைக் கரையில் கிடக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். முதலாம் வருடப் புள்ளிகளை விடாமல் பிடித்து, இரசாயனத்திலோ பௌதிகத்திலோ நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போகட்டும். மூன்றாம் வருடத்துக்கு முன்பே ஹோமாகமவுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயிற்சி கேட்டுக் கடிதம் எழுதட்டும். பேசுகிற அளவுக்குச் சிங்களமும் பழகட்டும். அங்கே இயந்திரத்தைத் திருத்துகிற ஐயாவிடம் கேட்டுப் படிக்கவேண்டியது நிறைய, அவர் ஆங்கிலத்தில் சொல்லமாட்டார். பட்டத்துக்குப் பிறகும் நனோவில் ஆசை குறையாவிட்டால், பேராதனையில் இதற்கென்றே விஞ்ஞான முதுமாணி இருக்கிறது.

தமையனாரின் மனதை நோகடிக்க வேண்டாம். இரண்டரை இலட்சத்தையும் மகளின் பெயரில் வங்கியில் போட்டுவிடச் சொல்லுங்கள். ஹோமாகமப் பக்கம் ஆறு மாதம் அறை எடுத்துத் தங்கிப் பயிற்சி எடுக்கிற பிள்ளைக்கு வாடகை, சாப்பாடு, பஸ் காசு என்று அது அப்படியே தேவைப்படும்.