கேளுங்கள், சொல்கிறேன்: டான் ஃபாக்ஸின் உதை

போன இதழில், 'கைக்கெட்டியது வாய்க்கு எட்டாமல் போனதற்கு உதாரணம்?' என்ற கேள்விக்கு 'டான் ஃபாக்ஸ், 1968' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். 'யாரய்யா அது?' என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் இந்த வாரப் பக்கம் முழுக்க.

கே: டான் ஃபாக்ஸ் அப்படி என்னதான் செய்தார்?

ப: ரக்பி ஆட்டத்தில், கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே இருந்து உதைத்த பந்தை வெளியே அனுப்பினார்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கிலாந்தில் ரக்பி லீக் (ரக்பியில் ஒரு வகை) 1967-68 சீசனின் சேலஞ்ச் கப் என்ற கோப்பைக்கான இறுதியாட்டம், 1968 மே 11, லண்டனின் வெம்ப்ளி மைதானம். லீட்ஸுக்கும் பக்கத்து ஊரான வேக்ஃபீல்ட் டிரினிட்டிக்கும் போட்டி. மழை என்றால் அப்படி ஒரு மழை. 87,100 பேர் பார்க்க, மைதானம் குளமாகிவிட்டது. ஒருவரை மடக்கிப் பிடித்தால், பிடித்தவரும் பிடிபட்டவருமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சறுக்கிப் போய்த்தான் நிற்பார்கள். 'வாட்டர்ஸ்ப்ளாஷ் ஃபைனல்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

கடைசி நிமிடம். லீட்ஸ் 11, வேக்ஃபீல்ட் 7. ஆட்டத்தை மீண்டும் தொடங்கி வைத்த ஃபாக்ஸ் பந்தைத் தாழ்வாக உதைக்கிறார். லீட்ஸ்காரர்கள் வழுக்கித் தடுமாறுகிறார்கள். கென் ஹிர்ஸ்ட் பாய்ந்து வந்து, பந்தைக் காலாலேயே தள்ளிக்கொண்டு ஓடி, எதிரணிக் கோட்டைத் தாண்டி, கம்பங்களுக்கு நடுவில் விழுந்து பந்தைத் தரையில் தொட்டுவிடுகிறார். இதற்குப் பெயர்தான் ட்ரை! அந்தக் காலத்தில் ட்ரைக்கு 3 புள்ளிதான். 11-10. ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் உதை கம்பங்களுக்கு நடுவே போனால், அது ஒரு கோல், இன்னும் 2 புள்ளி, கோப்பை வேக்ஃபீல்டுக்கு. ஃபாக்ஸ் பந்தை நிறுத்தி வைக்கிறார், பின்னால் போகிறார், ஓடி வருகிறார், கால் வழுக்குகிறது. பந்து கம்பத்துக்கு வெளியே ஓடிவிட்டது. மனிதர் அந்த ஈரத்தரையிலேயே சரிந்துவிட்டார்.

டிவியில் வர்ணனை செய்துகொண்டிருந்த எடி வேரிங், 'பாவம் பையன்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் 'பையனு'க்கு அப்போது வயது 32. பழைய பதிவை எத்தனை தடவை பார்த்தேனோ, கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும், இந்த முறை உள்ளே போய்விடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கே: முக்கியமான உதையை ஒழுங்காக உதைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்திருக்கலாமே?

ப: கொடுத்திருப்பார்கள், அவர் மைதானத்தில் இருந்திருந்தால். அணியின் வழக்கமான உதைப்பாளர் நீல் ஃபாக்ஸ், டானின் சொந்தத் தம்பி! காயம் காரணமாக அன்று ஆடவில்லை. தன் ஆட்டக் காலம் முழுவதிலும் 6,220 புள்ளிகள் எடுத்தவர். ரக்பி லீக்கில் அவ்வளவு எடுத்தவர் வேறு யாரும் இல்லை. மூத்தவர் பீட்டரும் ஆட்டக்காரர்தான், பின்னாளில் பெரிய பயிற்சியாளர். ஷார்ல்ஸ்டன் என்ற சுரங்க கிராமத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள். தம்பி செய்யவேண்டிய வேலை அண்ணன் காலில் வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

அதோடு, டானுக்கு உதைக்கத் தெரியாது என்பது அநியாயம். அன்றைக்கு அதற்கு முன்பே இரண்டு கோல் அடித்திருந்தார். வேக்ஃபீல்டின் பத்துப் புள்ளியில் நாலு அவருடையது.

கே: தன் அணியின் தோல்விக்குக் காரணமானவருக்கே சிறந்த ஆட்டக்காரர் விருது கொடுத்தார்களாமே, இது என்ன கூத்து?

ப: கூத்துதான், ஆனால் நியாயமான கூத்து. இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான லான்ஸ் டாட் கோப்பைக்கு ஓட்டுப் போடும் நிருபர்கள், கடைசி விசில் ஊதும்வரை காத்திருக்கவில்லை. அந்த உதைக்கு முன்பே ஃபாக்ஸ் பெயர் முடிவாகிவிட்டது. அந்தச் சேற்றில் எண்பது நிமிடமும் உழைத்து ஆடினாரே, விருது அதற்கு. அதைத் திருப்பி வாங்கியிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

கே: அந்த சீசனே வேக்ஃபீல்டுக்கு அழுகைதானா?

ப: அதெல்லாம் இல்லை. இங்கேதான் எனக்கு வருத்தம். ஒரே வாரம் முன்பு, மே 4-ஆம் தேதி, லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை 17-10 என்று வேக்ஃபீல்ட் வென்றிருந்தது. அதுவும் தொடர்ந்து இரண்டாவது வருடம். எங்கே தெரியுமா? ஹெடிங்லியில், லீட்ஸின் சொந்த மைதானத்தில்! லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது லீட்ஸ். அவர்கள் வீட்டு முற்றத்தில் பட்டத்தைத் தூக்கியது வேக்ஃபீல்ட். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த ஊருக்கு அந்தப் பட்டம் வாய்க்கவில்லை. ஆனால் 1968 என்றால் ஜெயித்த அந்த ஆட்டத்தை யார் பேசுகிறார்கள்?

கே: ரக்பியில் இரண்டு வகை உண்டு என்கிறார்கள். ஒரே வரியில் வித்தியாசம்?

ப: லீக்கில் 13 பேர், யூனியனில் 15 பேர். 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள், 'வேலையை விட்டுவிட்டு ஆட வருகிறவனுக்கு இழந்த கூலியைக் கொடுத்தால் என்ன தப்பு?' என்று கேட்டுப் பிரிந்து போயின. இரண்டு வரியாகிவிட்டது, மன்னிக்கவும்.

கே: எல்லோரும் ஃபாக்ஸையே பேசுகிறீர்களே, ஜெயித்தவர்கள் பாவம் இல்லையா?

ப: பாவம்தான்! பெவ் ரிஸ்மன் என்றொருவர் லீட்ஸுக்கு நாலு கோல் அடித்தார். 11-ல் எட்டுப் புள்ளி. அதே குளம், அதே பந்து. மிச்சம் மூன்றும், எதிரணி மறித்துவிட்டது என்று சொல்லி லீட்ஸின் ஜான் அட்கின்சனுக்கு ரெஃப்ரி கொடுத்த பெனால்டி ட்ரை. 'ஒருத்தரும் மறிக்கவில்லை, எல்லாரும் வழுக்கித்தான் விழுந்தோம்' என்பது வேக்ஃபீல்ட் பக்கத்து வாதம். எனக்கும் அதில் கொஞ்சம் சாய்வு உண்டு. லீட்ஸ் ரசிகர்கள் யாராவது இருந்தால், திட்டுவதற்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்கித் தருகிறேன்.